முடிவைத் திருடாதீர்!

கதை கேட்க உட்கார்ந்த குழந்தை, "முடிவை முதலில் சொல்லு பாட்டி" என்று கேட்பது இல்லை. "அப்புறம்?" என்றுதான் கேட்கும்.

அந்த "அப்புறம்?" என்ற ஒரு சொல்லில்தான் கதையின் உயிர் இருக்கிறது. பாட்டி சொல்லும் கதைக்கு இது பொருந்தும். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பொருந்தும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் டி.வி. திரையிலும் செல்போனிலும் ஆடுகிறார்களே, வீடியோ கேம்! அதற்கும் பொருந்தும். அந்த விளையாட்டுகளிலும் இப்போது பெரிய பெரிய கதைகள் உண்டு. வீரன் உண்டு, வில்லன் உண்டு, திடுக்கிடும் திருப்பம் உண்டு.

ஆனால் அந்த உலகத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. கதையைக் கட்டியவர்களே அதன் ரகசியத்தைப் பொட்டலம் கட்டி, விற்பனைக்கு முன்பே ஊருக்கெல்லாம் இலவசமாக அனுப்பிவிடுகிறார்கள். வேண்டும் என்று அல்ல, அலட்சியத்தால்! அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பது இல்லை. தெருவுக்குத் தெரு கூவிச் சொல்லிவிடுகிறார்கள்.

குற்றம் யார் மேல்? பொட்டலம் கட்டியவர் மேலா? பிரித்தவர் மேலா?

ஒரு பிடி அரிசி

அரிசிக் கடைக்குப் போகிறவர் ஒரு பிடி அரிசியைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். முகர்ந்து பார்க்கிறார். பிடித்திருந்தால் மூட்டை வாங்குகிறார். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி.

வீடியோ கேம் வியாபாரத்திலும் இப்படி ஒரு மாதிரி உண்டு. அதற்கு "டெமோ" என்று பெயர். விளையாட்டின் ஒரு சிறு பகுதியை இலவசமாகத் தருவார்கள். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆடிப் பார்க்கலாம். பிடித்தால் பணம் கொடுத்து முழு விளையாட்டையும் வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். வாங்குகிறவர் ஏமாற மாட்டார். விற்கிறவருக்கும் விளம்பரம்.

ஆனால் ஒரு பிடி அரிசி கேட்டவரின் பையில் முழு மூட்டையையும் போட்டு, "ஒரு பிடிக்கு மேல் தொடக்கூடாது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சில டெமோக்களில் நடப்பது அதுதான்.

திரையில் தெரிவது சிறு பகுதி. திரைக்குப் பின்னால், அந்த டெமோவின் கோப்புகளில், இன்னும் வராத பாத்திரங்களின் பெயர்கள் இருக்கும். அவர்களுடைய படங்கள் இருக்கும். அவர்கள் பேசப்போகும் வசனங்கள்கூட இருக்கும். கோப்பு என்பதைக் கம்ப்யூட்டர்காரர்கள் "பைல்" என்று சொல்வார்கள். அவற்றைத் தோண்டி எடுப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. "டேட்டா மைனர்" என்று அவர்களுக்குப் பெயர். தகவல் சுரங்கம் தோண்டுகிறவர்கள் என்று பொருள்.

மூன்று குட்டிகளின் கதை

ஜப்பானில் 1996-ம் ஆண்டு பிறந்தது "போக்கிமான்" என்ற விளையாட்டு. விசித்திரமான சிறு பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, பழக்கி, போட்டிக்கு விடுவது அதன் கதை. உலகம் முழுவதும் குழந்தைகள் அதைக் கொண்டாடினார்கள். பெரியவர்களும் கொண்டாடினார்கள்.

2016-ம் ஆண்டு அதன் புதிய பதிப்புகள் இரண்டு வந்தன. ஒன்றின் பெயர் "சன்". மற்றொன்றின் பெயர் "மூன்". சூரியன், சந்திரன் என்று அர்த்தம். ஹவாய்த் தீவுகளைப் பார்த்து அமைத்த ஓர் ஊரில் கதை நடக்கிறது.

போக்கிமான் ஆடத் தொடங்கும் குழந்தை முதலில் ஒரு முடிவு செய்யவேண்டும். மூன்று குட்டிகளைக் காட்டுவார்கள். அவற்றில் ஒன்றைத் தோழனாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிவரை கூடவே வரும் தோழன் அது. அந்தக் குட்டி இரண்டு முறை உருமாறி வளரும். வளர்ந்தபின் எப்படி இருக்கும்? அதுதான் ரகசியம்.

2016 மே மாதம் அந்த மூன்று குட்டிகளையும் உலகுக்குக் காட்டினார்கள். ஒன்று ஆந்தைக் குஞ்சு. ஒன்று பூனைக்குட்டி. மூன்றாவது கடல்சிங்கக் குட்டி. கடல்சிங்கக் குட்டி மூக்கில் பந்தைத் தாங்கி வித்தை காட்டும் கோமாளி போல இருந்தது. பலர் கேலி செய்தார்கள். வேறு பலர் அதன் பக்கம் சேர்ந்து வாதாடினார்கள். "வளர்ந்தபின் பார்!" என்றார்கள். வளர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு படம் வரைந்து பார்த்தார்கள். அந்தக் காத்திருப்பே ஒரு திருவிழாவாக இருந்தது.

விற்பனை நாள் நவம்பர் 18. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 18-ந்தேதி, டெமோ வெளிவந்தது. நிண்டெண்டோ நிறுவனத்தின் "3டி.எஸ்." என்ற கைக்கருவியில் அப்போது இலவசமாக இறக்கிக்கொள்ள முடிந்தது.

அந்த டெமோவைத் தயாரித்தவர்கள் ஒரு விதத்தில் கவனமாகவே இருந்தார்கள். முழு விளையாட்டின் கதையை அதில் வைக்கவில்லை. தனியாக ஒரு குட்டிக் கதையைக் கட்டி வைத்தார்கள். டெமோவை ஆடி முடித்தவருக்கு உண்மைக் கதை தெரியாது. வாசல் கதவைப் பூட்டியாகிவிட்டது!

கொல்லைக் கதவு? அது திறந்தே கிடந்தது.

டெமோவின் கோப்புகளைத் தோண்டியவர்கள் திகைத்துப்போனார்கள். புதிய பிராணிகளின் பட்டியல் அங்கே இருந்தது. அவற்றின் சிறு சிறு படங்கள் இருந்தன. மூன்று குட்டிகளும் வளர்ந்து நின்ற கடைசி உருவமும் இருந்தது. ஓரிரு நாட்களுக்குள் அந்தச் செய்தி இன்டர்நெட் வழியாக உலகம் முழுவதும் பரவிவிட்டது.

அந்த மூன்று குட்டிகளின் வளர்ந்த உருவத்தை அக்டோபர் மாத இறுதியில் நிறுவனமே பெரிய விளம்பரத்தோடு வெளியிட்டது. அதற்குள் கேட்டவர்களில் பலர் கொட்டாவி விட்டார்கள். திரை விலகும் முன்பே திரைக்குப் பின்னால் பார்த்தாகிவிட்டதே!

கேலிக்கு ஆளான அந்தக் கடல்சிங்கக் குட்டி கடைசியில் கடல்கன்னி போன்ற அழகிய பாடகியாக வளர்ந்தது. கோமாளி அழகியாக மாறும் அந்த ஒரு நொடியை, விளையாட்டின் நடுவில், தானே வளர்த்து, தானே கண்டு மகிழ வேண்டிய குழந்தைகள் எத்தனையோ பேர்! அவர்களில் பலருக்கு அந்த நொடி கிடைக்கவில்லை. எங்கேயோ யாரோ போட்ட ஒரு மங்கலான படத்தில் அது வீணாகிவிட்டது.

ஏன் உள்ளே வைக்கிறார்கள்?

"வேண்டாததை எடுத்துவிட்டு டெமோவைக் கொடுத்தால் என்ன?" என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் வீடியோ கேம் என்பது துண்டு துண்டாக வெட்டக்கூடிய துணி அல்ல. வீட்டுச் சுவர் மாதிரி அது. ஒரு செங்கல்லை உருவினால் இன்னொன்று ஆடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். "150-ம் எண்ணைக் கொண்டு வா" என்று கம்ப்யூட்டருக்கு ஓர் இடத்தில் உத்தரவு இருக்கும். பட்டியலில் அந்த எண்ணை நீக்கிவிட்டால் விளையாட்டு நடுவில் நின்றுவிடலாம். ஒன்றை நீக்கினால் எல்லாவற்றையும் மறுபடி சோதித்துப் பார்க்கவேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும்.

டெமோ தயாரிக்கும் நேரமோ முழு விளையாட்டை முடிக்கவேண்டிய அவசர நேரம். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மாதிரி! "திரையில் தெரியாது அல்லவா, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும்.

"பூட்டுப் போட்டுத்தானே கொடுக்கிறோம்" என்று ஒரு சமாதானமும் உண்டு. கோப்புகளைச் சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டி வைப்பது வழக்கம்தான். ஆனால் அந்தப் பூட்டைத் திறந்தால்தான் விளையாட்டை ஆட முடியும். எனவே சாவியும் ஆடுகிறவர் வீட்டுக் கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பூட்டையும் சாவியையும் ஒரே வீட்டில் வைத்தால், சாவி எத்தனை நாள் மறைந்திருக்கும்?

அமெரிக்கா தந்த பாடம்

இந்தப் பாடத்தை அமெரிக்காவில் "ஐடி சாப்ட்வேர்" என்ற நிறுவனம் எப்போதோ கற்றுக்கொண்டது.

1993 டிசம்பரில் அந்த நிறுவனம் "டூம்" என்ற விளையாட்டை வெளியிட்டது. மூன்று பகுதிகள். முதல் பகுதி இலவசம். மற்ற இரண்டுக்கும் பணம் கட்டவேண்டும். இலவசப் பிரதியில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளின் களங்களை வைக்கவே இல்லை. தலைகீழாக நின்றாலும் அவற்றை அதில் ஆட முடியாது. இல்லாத பொருளை எப்படித் திருடுவது?

மூன்று ஆண்டுகள் கழித்து, 1996-ல், அதே நிறுவனம் "குவேக்" என்ற விளையாட்டை வெளியிட்டது. இந்தத் தடவை ஒரு சி.டி.யில் இலவசப் பகுதியோடு, பணம் கட்டவேண்டிய முழு விளையாட்டுகளையும் பூட்டி வைத்தது. வேண்டியவர் டெலிபோனில் கூப்பிட்டுப் பணம் கட்டினால் திறக்கும் எண்ணைச் சொல்வார்கள். கெட்டிக்கார யோசனை போலத்தான் இருந்தது. ஆனால் பூட்டை உடைக்கும் வழியைச் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். காசு கட்டாமலே எல்லாம் திறந்தது.

ஒரே நிறுவனம். இரண்டு அனுபவம். பாடம் ஒன்றுதான்: பூட்டி வைப்பது காவல் அல்ல. வைக்காமல் இருப்பதுதான் காவல்!

ஆகவே முதல் குற்றம் தயாரிப்பாளர் மேல்தான். மடியில் கனம் வைத்துக்கொண்டு வழியில் பயப்படுவதில் பயன் இல்லை. கொடுக்க நினைத்ததை மட்டும் டெமோவில் வைக்கவேண்டும். அதற்கு ஒரு வாரம் கூடுதலாக ஆனாலும் சரி. காத்திருக்கும் குழந்தையின் மகிழ்ச்சியைவிட அந்த ஒரு வாரம் பெரியது அல்ல.

உலை வாயும் ஊர் வாயும்

அப்படியானால் தோண்டியவர் மேல் தப்பே இல்லையா?

உண்டு. ஆனால் தோண்டியது தப்பு அல்ல. கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கும் சிறுவன் திருடன் அல்ல. எப்படி ஓடுகிறது என்று அறிய ஆசைப்படுகிறான். அந்த ஆசையிலிருந்துதான் நாளைய எஞ்சினீயர் பிறக்கிறான். டெமோவைப் பிரித்துப் பார்க்கிறவர்களில் பலரும் அப்படித்தான்.

தப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தெரிந்துகொண்டதைக் கேட்காதவர் காதிலும் ஓதுகிறார்களே, அங்கேதான் இருக்கிறது தப்பு. படத்தைத் தலைப்பிலேயே போடுகிறார்கள். ஓரமாக ஒதுங்கிப் போகிறவன் கண்ணிலும் அது பட்டுவிடுகிறது. ஒரு முறை பார்த்துவிட்டால் பார்க்காதவனாக மாற முடியுமா? பணத்தைத் திருடினால் திருப்பிக் கொடுக்கலாம். வியப்பைத் திருடினால் திருப்பிக் கொடுக்க வழி இல்லை.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்று சிலர் கைவிரித்துவிடுவார்கள். முடியும் என்பதற்கு லண்டன் சாட்சி.

1952-ம் ஆண்டு லண்டனில் அகதா கிறிஸ்டி எழுதிய "எலிப்பொறி" என்ற துப்பறியும் நாடகம் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் நாடகம் முடிந்ததும் ஒரு நடிகர் சபையைப் பார்த்து, "கொலைகாரர் யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வார். அந்த நாடகம் 67 ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. கொரோனா காலத்தில் நின்றது. 2021-ல் மறுபடி தொடங்கியது. முடிவு தெரிந்தவர்கள் ஏராளம். ஆனாலும் புதிதாகப் பார்க்க வருகிறவர்களிடம் வாயைத் திறக்காதது ஒரு மரியாதையாகவே வளர்ந்துவிட்டது.

1960-ல் ஆல்பிரெட் ஹிட்ச்காக் "சைக்கோ" என்ற சினிமாவை எடுத்தார். படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். முடிவை வெளியே சொல்லவேண்டாம் என்று விளம்பரத்திலேயே கேட்டுக்கொண்டார்.

சட்டம் அல்ல, தண்டனை அல்ல. வெறும் வேண்டுகோள். மனிதர்கள் நல்ல வார்த்தைக்குக் கட்டுப்படுகிறவர்கள்தான்!

"தெரிந்தால் என்ன நஷ்டம்?"

இந்த இடத்தில் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டாக வேண்டும்.

2011-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கல்விச்சாலையில் மனோதத்துவ அறிஞர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். 12 சிறுகதைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லவில்லை. முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் மொத்தத்தில் சற்று அதிகமாக ரசித்தார்களாம்!

ஆச்சரியமான சேதிதான். பின்னால் வேறு அறிஞர்கள் செய்த பரிசோதனையில் இதற்கு நேர்மாறான முடிவும் வந்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். சில நிமிடங்களில் படித்து முடிக்கும் சிறுகதை வேறு. மாதக்கணக்கில் காத்திருந்து, நாட்கணக்கில் தானே ஆடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு வேறு. அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. இராமாயணத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அது அவர்களுடைய விருப்பம். விருப்பத்தோடு தெரிந்துகொள்வது ஒன்று. வேண்டாம் என்பவன் காதைப் பிடித்துச் சொல்வது வேறொன்று.

இரண்டாவது வாதம்: "காசு கொடுக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? வெளிவந்தபோது அமெரிக்காவில் 'சன்' விளையாட்டின் விலை சுமார் 40 டாலர். சும்மா வந்ததா?" சரியான கேள்வி. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் தாராளமாகத் தெரிந்துகொள்ளட்டும். அவருக்காக ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். அறை வாசலில் "உள்ளே ரகசியம் இருக்கிறது" என்று எழுதி ஒட்டலாம். நடுத்தெருவில் தண்டோரா போடவேண்டியது இல்லை.

காலம் மாற்றும் நியாயம்

எல்லா ரகசியத்தையும் என்றைக்கும் மூடி வைக்கவேண்டும் என்பதும் சரி அல்ல.

1997 நவம்பரில் ஜப்பானில் நிண்டெண்டோ ஒரு பெரிய பொருட்காட்சி நடத்தியது. அங்கே "போக்கிமான் கோல்டு" என்ற விளையாட்டின் டெமோவை வந்தவர்கள் ஆடிப் பார்த்தார்கள். முழு விளையாட்டு 1999 நவம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. இடையில் இரண்டு ஆண்டுகள்! அதற்குள் எவ்வளவோ மாறிப்போயிற்று.

அந்தப் பழைய டெமோவின் கோப்புகள் 2018 மே மாதத்தில் வெளியே வந்தன. கடைசிவரை விற்பனைக்கே வராத பல பிராணிகள் அதற்குள் இருந்தன. வரைந்து, பெயர் வைத்து, பிறகு கைவிடப்பட்ட உருவங்கள்! ஒரு விளையாட்டு எப்படிப் பிறந்து எப்படி வளர்ந்தது என்பதை உலகம் அப்போது கண்டது.

யாருடைய மகிழ்ச்சியாவது கெட்டதா? இல்லை. காத்திருப்பு முடிந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றைக்கு வெளியே வந்திருந்தால் அது திருட்டு முடிவு. 2018-ல் அது சரித்திரம். அதே டெமோ, அதே கோப்பு. மாறியது நாள் மட்டும்தான். காய் பழுக்கும் முன் பறித்தால் புளிக்கும். பழுத்தபின் பறித்தால் இனிக்கும்.

செய்யவேண்டியது என்ன?

தயாரிப்பாளர் செய்யவேண்டியது ஒன்று. கொடுக்காத கதையை டெமோவுக்குள் வைக்கக்கூடாது.

தோண்டுகிறவர் செய்யவேண்டியது ஒன்று. கண்டுபிடிக்கட்டும், பெருமைப்படட்டும். விற்பனை நாள்வரை வாயை மூடியிருக்கட்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் ஒரு வீரம்தான்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. அண்ணன் முதலில் ஆடி முடித்துவிடுகிறான். தம்பி இன்னும் பாதியில் இருக்கிறான். "கடைசியில் என்ன ஆகும் தெரியுமா?" என்று அண்ணன் வாய் துறுதுறுக்கும். அப்போது அம்மாவோ அப்பாவோ ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்: "முதலில் தம்பியைக் கேள். அவன் சொல்லச் சொன்னால் சொல்லு."

கேட்டுவிட்டுச் சொல்வது! இந்தச் சிறு பழக்கம் வீடியோ கேமுக்கு மட்டும் அல்ல. சினிமாவுக்கும் தொடர்கதைக்கும் உதவும். அடுத்தவன் மகிழ்ச்சியும் தன் மகிழ்ச்சி போன்றதே என்ற எண்ணத்தை அது சிறு வயதிலேயே ஊன்றிவிடும்.

பாட்டிக்குக் கதையின் முடிவு தெரியும். ஆயிரம் தடவை சொன்னவள் அவள். ஆனாலும் குழந்தை "அப்புறம்?" என்று கேட்கும்வரை அடுத்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள்.

கம்ப்யூட்டர் கற்றவர்கள் பாட்டியிடம் கற்கவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது!